ரசீது

கோட்டூர்புரம் பாலம் இறங்கும் இடத்தில் என் ஜெராக்ஸ் கடை.
பாஸ்போர்ட் நகல் நாலு எடுக்க வந்தாள் பரஸ்தூ.
ஊர் இஸ்ஃபஹான். படிப்பது நீரியல்.
எங்கள் ஊரிலும் அழகான பாலம் உண்டு,
ஆறுதான் பாதி வருஷம் இருக்காது என்றாள்.
அடையாற்றைக் காட்டி, இங்கே ஆறு இருக்கிறது,
மூக்கைத்தான் பொத்திக்கொள்ள வேண்டும் என்றேன்.

எட்டு ரூபாய்.
முகம் பழகியபின் "இருக்கட்டும்மா" என்பேன்.
இல்லை என்பாள்.
இருக்கட்டும்.
இல்லவே இல்லை.
மூன்றாம் தடவை வாங்கிப் போடுவேன் கல்லாவில்.
எங்க ஊர்க் கடைக்காரரும் இப்படித்தான்,
காசு வேண்டாம் என்பார்,
நம்பி நடந்துவிட்டால் துரத்திக்கொண்டு வருவார்
என்று சிரித்தாள்.

ஒருநாள் என் பில் புத்தகத்தை எழுத்துக்கூட்டினாள்:
ர-சீ-து.
இது எங்கள் சொல்!
'வந்து சேர்ந்தது' என்று அர்த்தம்.
பிறகு வேட்டைதான்:
பஜார், சால்வை, கம்மி, தர்பார்.
சர்க்காரும் எங்களிடமிருந்து வந்ததுதான்,
அதை மட்டும் திருப்பித் தரவேண்டாம்,
நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

லேமினேஷனுக்கு வந்த சபேசன் சார்
பேப்பரை மடித்து அவளிடம் கேட்டார்,
"உங்க கவர்மெண்ட்டு ஏம்மா இப்படி?"
அவள் என் மெஷினின் பச்சை விளக்கையே பார்த்தாள்.
சார், நம்ம தெருவைத் தோண்டிப் போட்டு மூணு மாசம்.
உங்களை யாராவது வந்து கேட்டாங்களா?
அவர் சில்லறையைக்கூட மறந்து போனார்.

அந்தச் சித்திரையில்
அவள் ஊருக்கு எந்த இணைப்பும் இல்லை.
நகலெடுக்க எதுவும் இல்லாமலே வந்து நிற்பாள்.
பாலில்லாத டீ சொல்வேன்.
நாட்டு மருந்துக் கடைக் கற்கண்டைப்
பல்லிடுக்கில் வைத்து உறிஞ்சுவாள்.
அம்மா இந்நேரம் பால்கனிச் செடிக்குத்
தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பாள் என்பாள்,
ஊற்றிக்கொண்டிருப்பாளா என்று என்னையே கேட்பாள்.
எனக்கென்ன தெரியும்.
டோனரை ஆட்டிப் பார்ப்பேன்.

பன்னிரண்டாம் நாள்
நகல் பாதி வெளியே வரும்போது
அவள் போன் அதிர்ந்தது.
என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.
வலமிருந்து இடமாக ஒரே ஒரு சொல்.
எனக்கு அது படிக்காது.
கை நடுங்க என் பில் புத்தகத்தைத் தொட்டாள்.
புரிந்தது.

எவ்வளவு என்றாள்.
இருக்கட்டும்மா என்றேன்.
சரி என்று
முதல் தடவையிலேயே
காசு தராமல் நடந்தாள்.

நான் துரத்தவில்லை.