நாற்பதில் ஒன்று

கிளேவே கரையில் எண்ணுக்கும் பெயர் வைத்தோம்.
நாற்பது சோழி ஒரு சரம்.
ஐந்து சரம் ஒரு கோழி;
என்றோ ஒரு கோழி அவ்வளவுக்குக் கிடைத்ததாம்.
இருபது கோழி ஒரு தலை.
அது வெறும் கணக்கின் பெயர்.
அப்படித்தான் சொல்லிக்கொண்டோம்.

நான் சரம் கோப்பவள்.
பீப்பாயைக் கவிழ்த்தால் வேறொரு கடலின் வாடை.
மூழ்கியோரின் உடலைத் தின்று கொழுத்தவை இவை என்று
சந்தையில் ஒரு பேச்சு உண்டு.
நான் நம்பவில்லை.
முகர்ந்து பார்த்திருக்கிறேன்.
மணலில் புதைத்து, அழுகவிட்டு, அலசிய வாடை அது.
எங்கோ ஒருத்தி என்னைப் போலக் குந்தியிருந்து
அலசியிருக்கிறாள்.
அவளுக்கு என்ன கிடைத்ததோ.
எனக்கு, நாற்பதில் ஒன்று.

முதுகைத் தட்டி உடைத்து, துளையில் நார் நுழைத்து
முப்பத்தொன்பதில் முடிச்சுப் போடுவேன்.
அதை நாற்பது என்பார்கள்.
திருட்டல்ல, கூலி.

அகோசு என் தம்பி.
காலை முதலில் நீட்டிப் பிறந்தவன்;
அப்படிப் பிறப்பவனுக்கு எங்களிடம் அதுதான் பெயர்.
மாமன் குடித்த பிராந்திக்கும் வாங்கிய துப்பாக்கிக்கும்
ஹுவேனு வீட்டில் அடகு இருந்தான்.
பன்னிரண்டு தலைக் கடன்.
அடகு ஆளை விற்கக் கூடாது, அது வழக்கம்.
துடுப்புப் போட வைக்கலாம்.
போட்டான்.
அலை உடையும் இடம் தாண்டி
போகும்போது ஆட்கள், வரும்போது பீப்பாய்.
அவன் இறக்கியதை நான் கோத்தேன்.
உப்புப் பூத்த தோளோடு கடந்து போகையில்
"இன்னும் எத்தனை?" என்பான்.

ஏழு மழை.
அடுப்புக்குக் கீழே ஐந்து பானை.
பன்னிரண்டு தலை நிறைந்த இரவில்
இரண்டு முறை எண்ணினேன்.
மூன்றாம் முறைக்கு விரல் வரவில்லை.

ஹுவேனு கெட்டவர் அல்ல. உட்காரச் சொன்னார்.
தண்ணீர் கொடுத்தார்.
"இது அந்த நாள் பன்னிரண்டு, பெண்ணே.
அதற்குப் பிறகு எத்தனை கப்பல்!
சோழி மணலாகிவிட்டது.
இன்றைக்கு இருபத்தாறு."
அத்தனையும் கோத்தது யார் என்று அவர் கேட்கவில்லை.
என் நகக்கண்களில் வெள்ளைத் தூள்.

அந்த ஆண்டு, புறப்பட அவசரப்பட்ட ஒரு கப்பலுக்கு
இரண்டு ஆள் குறைந்தது.
பீப்பாய் எடுக்கப் போன படகு
துடுப்புக்காரர் இருவர் இல்லாமல் திரும்பியது.
வழக்கம், வழக்கம் என்று கத்தினேன்.
"கப்பல்காரனுக்கு ஏது நம் வழக்கம்" என்றார் ஹுவேனு.
கடன் தீர்ந்ததென்று
கணக்குக் கயிற்றில் ஒரு முடிச்சை அவிழ்த்துக் காட்டினார்.
பிறக்கையில் முந்தி வந்த கால்களில்
இரும்பு.
நான் பார்க்கவில்லை. படகில் இருந்தவன் சொன்னான்.

நேற்று பானையில் கைவிட்டு
ஒரு கோழி வாங்கினேன்.
ஒன்பது சரம்.
இன்னமும் ஐந்தைத்தான் கோழி என்கிறோம்.
விற்றவள் எண்ணவில்லை.
கையில் தூக்கிப் பார்த்துவிட்டு
இன்னும் ஒன்று போடு என்றாள்.
போட்டேன்.