காற்றுவாக்கில்

நவம்பரில், சதர்லாந்தில்,
மூன்றரைக்கே வெளிச்சம் கடையைக் கட்டத் தொடங்கிவிடும்.
ஃபார்க்கர் சட்டைப்பையிலிருந்து
சோளமாவுக் குப்பியை எடுத்து ஒரு சிட்டிகை தூவினான்.
தூள் எங்கள் முகத்துக்கே திரும்பி வந்தது.
நல்லது.
மலை எங்களை இன்னும் முகரவில்லை.

ஓடை வழியே ஏறினோம், முழங்கால் நீரில்.
பிறகு ஹெதர் புதருக்குள் கையும் காலுமாக.
பிறகு வயிற்றால்,
நாற்பத்தெட்டு வயதில் மறுபடி தவழக் கற்றுக்கொண்டு.
கரிச்சேறு என் சட்டைப் பொத்தான்களை
ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு உள்ளே வந்தது.

மேட்டின் விளிம்பில் தலையைத் தூக்கினால்
நூற்றிருபது கஜத்தில் ஐந்து பிணைகள்.
நடுவில் ஒருத்தி, குட்டியில்லாதவள், கிழவி,
இடுப்பெலும்பு துருத்தி நின்றாள்.
இந்தக் குளிரைத் தாண்டமாட்டாள்.
அவள்தான் என்று இருவருக்கும் தெரிந்தது,
சொல்லிக்கொள்ளாமலே.

அப்போது என் காதருகில்,
மூச்சைவிடக் கொஞ்சம் பெரிய குரலில்,
ஃபார்க்கர் சொன்னான்:
"அந்த ஏழாவது சீட்டு என்னுடையது."

ஏழுக்கு ஆறு.
பொது மேய்ச்சல் நிலத்தில் மூன்று காற்றாலைகள்
வேண்டாம் என்று ஏழு, வேண்டும் என்று ஆறு.
இரண்டு வருஷம் நான் அலைந்ததெல்லாம்
ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் மடிந்து கிடந்தது.
ஏழாவது சீட்டு இசபெல் கெடிஸுடையது என்று
நானாகவே தீர்ப்பெழுதி
ஒரு மாதமாக அவளிடம் முட்டை வாங்குவதில்லை.
எதிரே வந்தால் மழையைப் பற்றிக்கூடப் பேசுவதில்லை.

திரும்பி அவனைப் பார்க்க முடியாது.
பார்த்தால் தோள் அசையும்.
தோள் அசைந்தால் ஐந்து கழுத்தும் நிமிரும்.
ஒன்று ஏற்கெனவே நிமிர்ந்துவிட்டது:
காவலுக்கு நிற்பவள், இரண்டு காதும் எங்கள் பக்கம்,
இது கல்லா, கோபமா என்று
நிதானமாக யோசித்தபடி.

எட்டு நிமிஷம்.
என் வாழ்நாளில் அவ்வளவு நேரம்
பதில் சொல்லாமல் நான் இருந்ததே இல்லை.
பொறுக்கியெடுத்து வைத்திருந்த சொற்கள்
ஒவ்வொன்றாகச் சேற்றில் ஆறின.
காற்று வேண்டாமென்று சீட்டு எழுதியவன்
காற்றை மட்டுமே நம்பி என் பக்கத்தில் கிடந்தான்.
அதைச் சொல்லிச் சிரிக்கவும் வழியில்லை.

காவல்காரி தலையைத் தாழ்த்தி மேயத் தொடங்கியதும்
குறிக்கண்ணாடிக்குள் பார்த்தேன்.
கோடு என் நாடிக்குத் தக்கபடி ஆடியது:
கிழவியின் தோளில்,
வயிற்றில்,
அவளுக்கு அப்பால் வெறும் வானத்தில்.
இந்தக் கையால் சுட்டால் இரவெல்லாம் ஓடித்தான் சாவாள்.
துப்பாக்கியை ஹெதர்மேல் மெல்ல இடப்பக்கம் நகர்த்தினேன்.
ஏனென்று அவன் கேட்கவில்லை.
வாங்கிக்கொண்டான்.

ஒரே வெடி.
மலை அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தது.
நான்கு பேர் மேட்டுக்கு அப்பால் மறைந்தார்கள்.
அவள் நின்ற இடத்திலேயே.

வயிற்றைக் கிழித்ததும் எழுந்த ஆவியில்
நான்கு கைகளும் சூடேறின.
இப்போது கத்தலாம், எவ்வளவு வேண்டுமானாலும்.
"ஏன்?" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

கத்தியைப் புல்லில் துடைத்தான்.
"வீடு வீடாகப் போனாய். கெடிஸ் வீட்டுக்கு மூன்று தரம்.
என் வீட்டுக்கு மட்டும் வரவில்லை."

வரவில்லைதான்.
அவன் சீட்டு என் சட்டைப்பையில் இருப்பதாக நினைத்திருந்தேன்.

முன்னங்கால்களைக் கழுத்தோடு பிணைத்து,
ஆளுக்கொரு கயிற்று முனை.
சரிவில் ஒருவன் முறுக்கிக்கொண்டு நின்றால்
மற்றவன் சேற்றில் உட்காருவான்.
இரண்டு தரம் அவன் உட்கார்ந்தான்.
ஒரு தரம் நான்.

வண்டியருகே, டார்ச் வெளிச்சத்தில்,
ஈரல் யாருக்கு என்று கேட்டான்.
எனக்கு என்றேன்.
சிறுநீரகங்களும்.
சரி என்றான்.

நாளைக் காலை இசபெல் கெடிஸ் வீட்டுக் கதவைத் தட்டவேண்டும்.
என்ன சொல்வதென்று தெரியவில்லை.
ஒரு டஜன் போதும்,
இரண்டாகக் கேட்டுப் பார்க்கிறேன்.