நான்கு லிட்டர் பச்சை

போனஸ் காசில் ஐஸ்பெட்டி வாங்கப் போனவர்
இழுவை லோரியின் மேல் இன்னொரு லோரியோடு வந்தார்.
பெட்ஃபோர்ட். பட்டாளத்து மூன்று டன்.
நான்கு டயரில் மூன்று இருந்தது.

பகாவ் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம்
எங்கள் தாமான் வரிசையில் பதினோரு வீடு.
பத்து வாசலில் மைவி.
எங்கள் வாசலில் யானை படுத்திருந்தது.

"ஓடுமா?"
"ஓடியது" என்றார் மாசிலாமணி.
இலக்கணத்தில் அவர் பொய் சொல்வதில்லை.

முதல் மாதம் அதன் முகத்தைப் பார்க்கவில்லை,
போர்வைகளை அதன் மேல் காயப்போட்டேன்.
பிறகு ஒரு ஞாயிறு, கியர்பெட்டிக்குப் பின்னால்
ஒரு நட்டு.
செம்பனை ஆலையில் ஸ்பானர் பிடித்துப் பருத்த அவர் கை
உள்ளே போகவில்லை.
என் கை போனது.
கையுறை ஆலையில் ஜோடி ஜோடியாய் உருவி
பார்க்காமலே எண்ணப் பழகிய கை.
அரைச் சுற்று. இன்னொரு அரை.
உள்ளங்கையில் விழுந்த நட்டு வெயிலில் சூடேறி
அப்போதுதான் இட்ட முட்டை மாதிரி இருந்தது.

அதன் பிறகு பெயிண்ட் சுரண்டுவது என் பங்கு.
மேலே நீலம், குலை ஏற்றிய காலத்து முள்கீறல்கள்.
கீழே சிவப்பு, மரக்காட்டுத் தவுக்கே ஒருவரின் பாதிப் பெயர்.
அதற்கும் கீழே மஞ்சள், எதற்கென்று தெரியவில்லை.
மழைக்காலம் தொடங்கும்போது பச்சை வந்தது.
கூடவே வலது கதவில்
புட்டி அடைத்த, விரல் நுழையும் துளை.
இடது கதவைத் தடவிப் பார்த்தேன். துளை இல்லை.
உள்ளே வந்தது எதில் போய் நின்றது என்று
யாரையும் கேட்கவில்லை.
இருக்கையை இன்னொரு முறை துடைத்தேன்.

கார்புரேட்டர் கொண்டுவந்தாள்
பழைய இரும்புக்கடை சியூ லான்.
பேரம் பேசாமல் எண்ணி வாங்கினாள்.
பச்சையைப் பார்த்துவிட்டு மலாயில் சொன்னாள்:
"இந்த மாதிரி லோரியில்தான் எங்கள் வீட்டையே ஏற்றினார்களாம்.
கூரை, கதவு, வாத்து, அப்பா."
சொல்லிவிட்டு, பில்லில் கையெழுத்துக் கேட்டாள்.

எங்கள் பக்கத்துக் கதை வேறு.
தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி.
அரிசி கொடுக்கமாட்டார்கள், வெந்த சோறுதான்,
வெளியே யாருக்கும் போய்ச் சேருமுன் ஊசிப்போக வேண்டும் என்று.
பால்வாளிக்குள் கைவிட்டுத் துழாவியவர்கள்
இதிலிருந்துதான் இறங்கினார்களா,
இதன் அக்காளிலிருந்தா?
இரும்பு சொல்லாது. அதற்கு ஓர் எண் மட்டும் உண்டு.
அந்த எண்ணுக்கும்
தகரம் வெட்டி அச்சு செய்து வைத்திருந்தார் இவர்.

நான்கு லிட்டர் பச்சை வந்தது,
சிரம்பானில் சொல்லிக் கலக்கிய மங்கல் பச்சை.
"அசல் அசலாக இருக்கணும், புனிதா."
"எது அசல்? நீலத்தில்தான் அதிக வருடம் உழைத்திருக்கிறது."
மூன்று நாள் பேச்சில்லை.
நெத்திலிச் சம்பால் மட்டும் போய்வந்தது.

கடைசியில் முன்பக்கம் அவருக்கு.
பின்பலகை எனக்கு:
நீலம் சிவப்பு மஞ்சள் பச்சை துரு,
சுரண்டியது சுரண்டியபடி, மேலே ஒரு கை வார்னிஷ்.
எண்ணை எழுதவில்லை.
துளையை யாரும் அடைக்கவில்லை.

தைப்பூசத்துக்கு முந்தின சனிக்கிழமை
கைப்பிடி போட்டுச் சுற்றினார்.
மூன்றாம் சுற்றில் இருமியது.
ஏழில் பிடித்தது.
பத்து மைவியும் ஒன்றாய் அலறின.
எதிர்வீட்டு ஹாஜி ரொஸ்லான், ஓய்வுபெற்ற சார்ஜன்,
வாயில் பல்குச்சியோடு வந்து சல்யூட் வைத்தார்.
விளையாட்டா, பழக்கமா, தெரியவில்லை.

சாலைவரி இல்லை, கேட்டைத் தாண்டக்கூடாது.
போனால் ஆறடி, வந்தால் ஆறடி.

கூரையில் ஒரு வட்ட மூடி இருக்கிறது,
துப்பாக்கிக்காரன் எழுந்து நிற்பதற்கு.
திறந்து தலையை நீட்டினேன்.
தண்டவாளம் தெரிந்தது, அதற்கப்பால் செம்பனை,
இந்தப் பக்கம் கொடியில்
நேற்றிலிருந்து நனையும் என் பாவாடை.

"போதுமா?" என்றார் கீழிருந்து.
"இன்னும் ஆறடி."

ரிவர்ஸ் போட்டார்.