இடைநிற்றல் குறைப்புக் குழு: மூன்றாம் அமர்வு

வடை ஆறிக்கொண்டிருந்தது.
திரையில் ஐந்தாண்டுத் திட்டம்:
கண்ணாடிச் சுவர் நூலகம், மனநல ஆலோசனை மையம்,
திருவொற்றியூர் பக்க வாசலுக்கு
கிரானைட் வளைவு.
குறிப்பெழுதுவது என் வேலை.

மூன்றாம் பருவத்தில் நாற்பத்தொரு பேர்
நின்றுவிட்டார்கள்.
"ஆர்வமின்மை" என்றார் முதல்வர்.
எழுதினேன்.

பதிவேடு கொண்டுவந்த கிளார்க் எபினேசர்
போகாமல் சொன்னார்:
"இருபத்தாறு பேரு எண்ணூர் ரோட்டுப் புள்ளைங்க சார்.
கண்டெய்னர் லாரி நகந்தாத்தான் பஸ்ஸு.
ஃபர்ஸ்ட் அவர்லதான் எல்லாம் ஆப்சென்ட்."

யுவஸ்ரீ.
எட்டே முக்காலுக்கு, செருப்பெல்லாம் கரித்தூளோடு
கதவோரம் வந்து
ஒன்றும் கேட்காமல் பார்ப்பாள்.
"வெளியவே நில்லு" என்றது நான்தான்.
நின்றாள், மழைக்காலம் முழுக்க.
பிறகு
நின்றுவிட்டாள்.

முதல் வகுப்பை ஒன்பதே காலுக்கு மாற்றலாம் என்றேன்.
செலவு எவ்வளவு என்றார்கள்.
ஒன்றுமில்லை என்றதும்
யாருக்கும் அக்கறை இல்லை.
வளைவு நிறைவேறியது.

இரவு தட்டச்சில்
வளைவுக்கும் நன்றியுரைக்கும் நடுவே
தீர்மானம் ஏழு என்று
ஒன்பதே காலைச் சேர்த்துவிட்டேன்.
முன்மொழிந்தவர் பெயரில்லை.
நாளை கையெழுத்துக்குப் போகிறது.
படிக்காமல் கையெழுத்திடுவது
எங்கள் கல்லூரி வழக்கம்.
அதை நம்பித்தான்.