இரண்டு விரற்கடை

சன்னலைத் திறந்தால் கடல்.
பாலம், அக்கரையில் பட்டர்வொர்த்,
நீர் வற்றிய வேளையில் ஜெலுத்தோங் சேற்றின் வாடை.
"ஓசியில் ஒன்று கிடக்கு,
நீ ஒரு வாளி உப்பை
நூற்றெண்பது ரிங்கிட்டுக்கு வாங்கிக் கரைக்கிறே"
என்றான் லோகபாலன்.
அந்தக் கடலை எந்தப் பக்கம் திருப்பலாம் என்று
எவரும் என்னைக் கேட்டதில்லை.

மூன்றடிக் கண்ணாடி. பதினான்கு கிலோ பாறை.
இடப்பக்கம் ஒரு பம்ப், வலப்பக்கம் ஒரு பம்ப்,
கீழ் அலமாரியிலிருந்து நீரை மேலேற்ற மூன்றாவது.
முதல் நாள் முழு வேகத்தில் திறந்துவிட்டேன்.
மணல் எழுந்து நின்றது.
இரண்டு மணி நேரம் தொட்டி முழுக்கத் தே தாரேக்.
தெளிந்தபோது
முன்பக்கம் வழுக்கையாய்க் கண்ணாடித் தரை,
பின்மூலையில் ஒரு குன்று.

நீரோட்டம் கண்ணுக்குத் தெரியாது.
தெரியவைக்க ஒரு சிட்டிகை மீன் தீனி போதும்.
ஒரு துணுக்கைப் பிடித்துக்கொண்டு பார்வையால் போனேன்:
மேலே ஓடி, எதிர்க் கண்ணாடியில் முட்டி,
தலைகுனிந்து இறங்கி,
பாறையின் பின்னால் நுழைந்து
வெளியே வராமல்
அங்கேயே.
ஒரு கைமுட்டி அளவு இடம்.
கழிவு பழுப்பாய்ப் படிந்து
எப்போதோ ஒரு குமிழி விட்டது.

கிளினிக்கில் கணக்கெழுதுகிறேன் நான்.
எந்தக் காசு எங்கே தேங்கியது என்று
கண்டுபிடிக்கத்தான் சம்பளம்.
வலப்பக்கப் பம்பை இரண்டு விரற்கடை மேலே தூக்கி
முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினேன்.
நீர் மோதி, உடைந்து,
முரடு குறைந்து, அகலமாய்ப் போனது.
குமிழி நின்றது.

சுத்தியல் பவளத்துக்கு மட்டும் பிடிக்கவில்லை.
ஒன்பது நாள் சுருங்கியே கிடந்தது.
ஒரு சாண் தள்ளி வைத்தேன், பிறகு அரைச் சாண் திரும்ப.
பத்தாம் நாள் விரல்கள் வெளியே வந்து
சும்மா ஆடின.
"வந்துடுச்சு" என்று செய்தி அனுப்பினேன்.
"யாரு?" என்றான் பாயான் லெப்பாசிலிருந்து.
அவனுக்கு இரவு வேலை, எனக்குப் பகல்.
செருப்பு மாற்றும் நேரத்தில்
வாசலில் பேசிக்கொள்கிறவர்கள் நாங்கள்.

அந்த வெள்ளி இரவு
சத்தம் நின்றதால் விழித்தேன்.
மூன்று பம்பும், மின்விசிறியும்,
பக்கத்து வீட்டு அங்கிள் குவாவின் ஏர்கோனும்.
பாலத்தில் மட்டும் விளக்கு.
நீரின் மேல் ஆடை படியத் தொடங்கியது, பால் ஆறுவதுபோல்.
கோமாளி மீன் இரண்டும் மேலே வந்து வாய் திறந்தன.
பேட்டரியில் ஓடும் பம்ப் ஒன்று வாங்கவேண்டும் என்று
நான் எழுதிவைத்த பட்டியல்
எனக்கு நன்றாகவே நினைவிருந்தது.

எவர்சில்வர் குவளை.
முக்கி எடு, உயரத்திலிருந்து ஊற்று.
முக்கி எடு, ஊற்று.
நானூறு வரை எண்ணினேன்.
அப்புறம் எண்கள் கிளினிக் பாக்கிகளோடு கலந்துபோயின.
கைபேசி வெளிச்சம் தீர்ந்து
சன்னல் வெளிச்சம் வந்தது.

ஏழேகாலுக்குக் கதவு திறந்தது.
பதினொரு மாடி படியேறிய மூச்சு.
சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.
ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் கத்தியிருப்பேன்.
சோப்புப் போடாமல் கை கழுவினான்,
அது எப்படித் தெரியும் இவனுக்கு?
குவளையை வாங்கிக்கொண்டான்.
அவன் ஊற்றிய உயரம் தப்பு,
தரையெல்லாம் உப்புத் தண்ணீர்.
சொல்லவில்லை.

எட்டு மணிக்குக் கரண்ட் வந்தது.
இடப்பக்கப் பம்ப் காற்றை விழுங்கி,
கடகடவென்று இருமி, அடங்கியது.
மணல் கொஞ்சம் எழுந்தது.
குவளையைப் பிடித்தபடியே சோபாவில்
அவன் தூங்கிப்போயிருந்தான்.

சனிக்கிழமையும் கிளினிக் உண்டு.
செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன்.
சுத்தியல் பவளம் திறக்கவில்லை.
எங்கிருந்தோ ஒரு பழைய தீனித் துணுக்கு
பாறையின் பின்னால் போய்
கொஞ்சம் தாமதித்து
வெளியே வந்தது.