லென்ஸ் பொருத்தப்படவில்லை

ட்ரோம்ஸோவில் சூரியன்
கணக்கை முடித்துக்கொண்டு போன மறுநாள்
அதை வாங்கினேன்.
துறைமுகச் சாலைப் பழம்பொருள் கடையில்
ஒற்றைப் பனிச்சறுக்குக் காலணிக்கும்
கைப்பிடி கழன்ற வாஃபிள் சட்டிக்கும் நடுவே
மூடியில்லாமல் மல்லாந்து கிடந்தது.
ஐம்பது மில்லிமீட்டர். ஜப்பானில் செய்தது.
என்னைவிட ஆறு வயது மூத்தது.

குன்வோர் அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்து
"காமாலை" என்றாள்.
உண்மைதான். உள்ளே தோரியம் கலந்த கண்ணாடி,
தன் கதிரில் தானே வெந்து வெந்து
ஆறிய தேநீரின் நிறத்துக்கு வந்திருந்தது.
நூற்றைம்பது சொன்னாள், நூற்றிருபதுக்குக் கொடுத்தாள்.
கேமராவில் அதை மாட்டும் வளையம்
தபாலில் வந்தது, நானூற்று நாற்பது க்ரோனர்.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

திருகினேன். நாலைந்து சுற்றில் நின்றது.
புதுக் கேமரா கண் விழித்துச் சொன்னது:
லென்ஸ் பொருத்தப்படவில்லை.
இதோ இருக்கிறதே, கால் கிலோ, என்றேன்.
பட்டியலுக்குள் பட்டியலாக நுழைந்து
ஐந்தாம் பக்கத்தில் கண்டுபிடித்தேன்
லென்ஸ் இல்லாமலும் படமெடு என்ற வரியை.
ஆம் என்று அழுத்தினேன்.
அதன்பிறகு அது என்னை ஒன்றும் கேட்பதில்லை.
ஒவ்வொரு படத்தின் குறிப்பிலும்
பூஜ்ஜியம் மில்லிமீட்டர் என்று எழுதிக்கொள்கிறது.

இன்னொன்றும் செய்தது.
மஞ்சளைப் பார்த்ததும் பிழை என்று நினைத்து
நைசாகத் துடைத்துவிட்டது.
பனி வெள்ளையாக, யோக்கியமாக இருந்தது.
அந்தத் திருத்தலை நிறுத்தப் போனால்
அங்கே குட்டிக் குட்டிப் படங்கள்:
பல்பு, குழல்விளக்கு, மேகம்,
எட்டுக் கதிரோடு ஒரு சூரியன்.
சூரியனைத் தேர்ந்தெடுத்தேன்.
பகல் பன்னிரண்டு மணி,
வெளியே தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நான் பாலம் தாண்டும் பேருந்தின் ஓட்டுநர்.
கடைசி நிறுத்தத்தில் எனக்கு ஏழு நிமிடம்.
எல்லாம் அந்த ஏழு நிமிடத்தில் எடுத்தவை.
மைனஸ் பதினாலில் உள்ளேயிருக்கும் மசகு இறுகிவிடும்,
ஃபோகஸ் வளையம் சண்டிக் கழுதை.
காய்ச்சல்காரன் வெப்பமானி வைப்பதுபோல
அக்குளில் கொஞ்ச நேரம்.
பிறகு மயிரிழை மயிரிழையாகத் திருப்புவேன்.
திரையில் விளிம்புகள் சிவப்பாக மினுக்கும்:
இமை, இல்லை மூக்கு,
இல்லை பின்னால் தொங்கும் தீயணைப்பான்,
மறுபடி இமை.
அதற்குள் யோஸ்டைன் சிரித்து முடித்திருப்பான்.
அவனுடைய சிரித்து முடித்த முகங்கள் என்னிடம் முப்பது இருக்கின்றன.

மாரெத் முதல் பேருந்தில் பேக்கரிக்குப் போகிறவள்.
ஒன்றரை மாதம் வேண்டாம் என்றாள்.
ஜனவரியில் ஒருநாள் ஜன்னலில் தலை சாய்த்தபடி
சரி எடு, தூங்காமல் இருக்கப் பார்க்கிறேன் என்றாள்.
படத்தில் பேருந்தின் நீல இருக்கை பச்சையாகியிருந்தது.
அவள் கன்னம் பழுத்த பாதாமி.
வெகுநேரம் பார்த்தாள்.
"எனக்கு இவ்வளவு ரத்தம் கிடையாது."
பிறகு, அனுப்பு, என்றுவிட்டு இறங்கிப் போனாள்.

இருபத்தொன்றாம் தேதி சூரியன் வந்தது,
மலைக்குமேல் ஒரு நகக்கீற்று.
பள்ளிப் பிள்ளைகள் கத்தினார்கள்.
ஊரே ஜாம் வைத்த பன் தின்றது.
இந்தக் கண்ணாடிக்கு வெயில்தான் மருந்து,
வாங்கும்போதே எனக்குத் தெரியும்,
இதற்குத்தான் காத்திருந்தேன்.
பின்னால் அலுமினியத் தாளை ஒட்டி
சமையலறை ஜன்னலில் நிறுத்தினேன்.
நான்கு நிமிடம் பட்டது. அப்புறம் இரண்டு வாரம் மேகம்.

மார்ச்சில் நல்ல வெயில் அடித்தது.
தினமும் வேலை முடிந்து வந்து
வெள்ளைத் தாள்மேல் வைத்துப் பார்ப்பேன்.
தேநீர் தேனாயிற்று.
ஒன்பதாம் நாள் எலுமிச்சைச் சாறு.
எடுத்து இழுப்பறைக்குள் போட்டுவிட்டேன்.

இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால்
முழுசாகத் தெளிந்திருக்கும்.
காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சளாம்,
ஏதோ குறை சொல்வதுபோலச் சொல்கிறார்கள்.
நவம்பரில் இங்கே வந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.