இருபத்திரண்டரைச் சதுர அடி

மூன்றாம் மாடி மர்ளியா
கூப்பிட்டுக் காட்டினாள்.
அவளுடைய குளியலறைக் கூரையில்
என் வீட்டுத் தண்ணீர் கீறிய படம்.
கந்தோரில் என் மேசைக்கு மேலே தொங்கும்
உள்துறைமுக வரைபடம்போலவே வளைந்து,
ஒரு மூலையில் சீனன்குடா கூட இருந்தது.
"கோவிச்சுக்காதீங்க மிஸ்.
ஒளு எடுக்கக்குள்ள கழுத்துல சொட்டுது."

கோபம் வரவில்லை. கூச்சம் வந்தது.
இத்தனை மாதமும் நான் குளித்தது
அவள் தலையில்.

ஐந்தடி நீளம், நாலரை அடி அகலம்.
கதவு திறக்க வாளி நகர வேண்டும்,
வாளி நகர நான் நகர வேண்டும்.

அநுராதபுரச் சந்திக் கடையில்
பொடியன் வாசலை எட்டிப் பார்த்தான்.
"சேர் வரேல்லையா?"
"எந்த சேர்?"
அவன் அவசரமாக இத்தாலிப் பளிங்கைத் தூக்கினான்.
இரண்டடிச் சதுரம், நரம்பு அச்சடித்தது, முகம் தெரியும் மினுக்கம்.
"பெரிசாப் போட்டா ரூம் பெரிசாத் தெரியும் அக்கா."
தெரிந்து?
அதற்குள் நிற்கப்போவது நான்.
எனக்கு அளவு தெரியும்.

"நோனா, பொடிக் கல் எடு" என்றிருந்தார் சுனிமல் பாஸ்.
சின்னதுக்கெல்லாம் அவருக்குப் பொடிதான்.
பெரிய கல்லுக்குச் சரிவு சொன்னால் கேட்காதாம்,
தண்ணி நடுவில் குந்திவிடுமாம்.

வெள்ளையில் முடி தெரியும்.
கறுப்பில் சவர்க்காரம் காய்ந்தது தெரியும்.
ஐம்பத்தொரு வயதில்
எனக்கு இரண்டு நிறத்திலும் உதிர்கிறது.

செருப்பைக் கழற்றினேன்.
கைப்பையிலிருந்த போத்தலைத் திறந்து
வரிசையாய் வைத்த கற்களில் ஊற்றி
ஒவ்வொன்றாய் ஏறி நின்றேன்.
கணக்கெழுதியவர் பேனையை வைத்தார்.
வாசலில் அட்டைப்பெட்டி தின்றுகொண்டிருந்த மான்
தலையை நிமிர்த்திவிட்டுத் தொடர்ந்து தின்றது.
பளிங்கில் வழுக்கிப்
பொடியனின் தோளைப் பிடித்தேன்.
"இதுதான் கூடப் போகுது" என்றான், தோளைத் தடவியபடி.

படிக்குக் கீழே, தூசியில்,
நிலாவெளி ஹோட்டல் ஒன்றுக்கு வந்து மிஞ்சியது:
ஆறங்குலம், ஈரமணல் நிறம், நாய் நாக்கின் சொரசொரப்பு.
அது என் குதிகாலைப் பிடித்துக்கொண்டது.

நீளத்துக்குப் பத்து, அகலத்துக்கு ஒன்பது.
தொண்ணூறு வேண்டும்.
எண்ணினால் எண்பத்தேழு.
மறுபடி எண்ணினோம், அவனும் நானும்
நிலத்தில் குந்தி.
எண்பத்தேழுதான்.
வேலை தொடங்கிய அன்றே பாஸ் ஒன்றை உடைத்தார்.

அதற்கு முதல்
பழைய நிலத்தைக் கொத்தி, கறுப்பாய் ஏதோ பூசி,
துவாரத்தைப் பழந்துணியால் அடைத்து
இரண்டங்குலத்துக்குத் தண்ணீர் விட்டிருந்தார்.
"நாளை காலம வரை தொடாதே.
கீழ் நோனாவைப் பார்க்கச் சொல்லு."

என் வீட்டுக்குள் ஒரு கடல், அலை இல்லாமல்.
குளிக்க இடமில்லை.
துவாயையும் சவர்க்காரப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு
ஒரு மாடி இறங்கினேன்.
மர்ளியா சுடுதண்ணீரே வைத்திருந்தாள்.
சீனன்குடாவுக்கு நேர் கீழே நின்று
அண்ணாந்தபடி
தலை முழுகினேன்.
கண்ணில் நுரை போயிற்று. மூடவில்லை.

பத்தரைக்கு ஃபோனில் வந்தது: காஞ்சுதான் இருக்கு மிஸ்.
ஒண்டரைக்கு: இன்னும் காஞ்சுதான்.
நீ தூங்கவில்லையா என்று எழுதி
அழித்துவிட்டு
நன்றி என்று அனுப்பினேன்.

குறைந்த நாலுக்கும்
பொடியன் மாதிரித் துண்டுகள் தந்தான், காசில்லாமல்:
ஒரு நீலம், ஒரு செங்கல், பூப்போட்டது ஒன்று,
பிறகு அந்த இத்தாலி, வெட்டி.
கதவுக்குப் பின்னால் பதித்தாயிற்று.
சாத்தினால் மட்டும் தெரியும்.
தனியாக இருக்கிறவள் எதற்குச் சாத்த என்று
முன்பெல்லாம் திறந்தே குளிப்பேன்.
இப்போது சாத்துகிறேன்.

ஏழாம் வரிசையில் ஒரு கல்
கொஞ்சம் பதிந்து போயிருக்கிறது.
எல்லாத் தண்ணீரும் போன பிறகும்
அதில் ஐந்து ரூபாய்க் குற்றியளவு நிற்கும்.
பாஸுக்குச் சொல்லவில்லை.
காலால் தள்ளிவிடுவேன், பெருவிரலால்.